நான்கு ஆண்டும் ஒரே மரம்: தோட்டக்கலைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தோட்டக்கலைக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நான் ஒரு தோட்டக்கலைப் பட்டதாரி. தேனி, திண்டுக்கல் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் ஒட்டுச்செடி விற்பதும் என் வேலை. உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன். தோட்டக்கலை படிக்க வரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் செமஸ்டரிலேயே இரண்டு மரங்களைக் கொடுங்கள். ஒன்று காய்ப்பில் இருக்கும் மரம். இன்னொன்று அவரே குழி எடுத்து நடும் கன்று. எட்டாவது செமஸ்டர் முடியும் வரை அந்த இரண்டும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். அதற்கு மதிப்பெண்ணும் இருக்கட்டும்.

இது யாரும் செய்யாத காரியம் இல்லை. வேளாண்மைப் பட்டப்படிப்பில் நெல் வயலில் மாணவர்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்து, நாற்று விடுவதிலிருந்து அறுவடை வரை அவர்களையே செய்யவைக்கும் வழக்கம் உண்டு. சேற்றில் இறங்கி, களை பறித்து, கடைசியில் தூற்றி எடை போட்ட அந்தப் பாத்தியைப் பற்றி வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்தும் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெல் நாலு, நாலரை மாதத்தில் முடிந்துவிடும், அதனால் ஒரு செமஸ்டருக்குள் அடங்கும். மா அடங்காது. கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா, மிளகு எதுவும் அடங்காது. நாம் படிப்பதில் பெரும்பங்கு பல்லாண்டுப் பயிர்கள்தான். ஆனால் அவற்றையும் ஐந்து மாதக் கணக்கில் வெட்டித்தான் படிக்கிறோம்.

மாமரத்தின் ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பருக்குள் கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது, பிறகு தொழு உரம். மழையில் புதுத் துளிர் வரும். அந்தத் துளிர் நவம்பர் வாக்கில் முற்றி ஓய்வுக்குப் போக வேண்டும். பனி இறங்கியதும் டிசம்பர், ஜனவரியில் பூங்கொத்து. பிப்ரவரியில் பிஞ்சு. ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை ரகத்துக்கு ஏற்ப அறுவடை. பழப்பயிர்ப் பாடம் டூ பிளஸ் ஒன், அதாவது வகுப்புக்கு இரண்டு கிரெடிட், செய்முறைக்கு ஒன்று என்று ஒரு செமஸ்டரில் வருகிறது. அந்தப் பாதியில் பூவைப் பார்த்தவர் பழத்தைப் பார்ப்பதில்லை. பழத்தைப் பார்த்தவர், அது எந்தக் கிளையில் எந்த மாதம் துளிர்த்த நுனியிலிருந்து வந்தது என்று பார்த்திருக்க வழியில்லை.

இந்த இழப்பு கவாத்தில்தான் அதிகம் தெரிகிறது. நான் படித்த காலத்தில் கவாத்து வகுப்பு என்றால், ஆசிரியர் ஒரு மரத்தில் நாலு வெட்டு வெட்டிக் காட்டுவார். ஆளுக்கு ஒரு கிளையை நாங்களும் வெட்டுவோம். வெட்டிய இடத்தில் போர்டோ பசை என்ற பூஞ்சணக்கொல்லியைத் தடவுவோம். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கிவிடுவோம். அந்த வெட்டு என்ன ஆனது என்று பார்க்க யாரும் திரும்பப் போனதில்லை. போகச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

கவாத்தின் பாடமே பிறகுதான் தொடங்குகிறது. நுனியை வெட்டினால் அதன் கீழே இருக்கும் மொட்டுகள் விழித்து மூன்று, நான்கு கிளையாகப் பிரியும். மா நுனியில் பூக்கும் மரம், அதனால் நுனி கூடினால் பூக்கும் இடமும் கூடும். ஆனால் எப்போது வெட்டினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செப்டம்பரில் வெட்டியது டிசம்பருக்குள் முற்றிவிடும். நவம்பரில் வெட்டினால் ஜனவரியில் பூ வர வேண்டிய இடத்தில் செம்பு நிறத்தில் இளந்துளிர் வந்து நிற்கும். அந்தக் கிளையில் அந்த வருஷம் காய் இல்லை. இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிடலாம். ஆனால் தன் கையால் வெட்டிய கிளையில் பூ வராமல் இலை வந்ததைப் பார்த்த மாணவர், ஒரு விவசாயிக்குத் தேதி சொல்லும்போது குரல் வேறு மாதிரி இருக்கும்.

இப்போது இது முன்னைவிட அவசியமாகிவிட்டது. அந்தக் காலத்துத் தோப்பில் 10 மீட்டருக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 40 மரம்தான். கவாத்து செய்யாமல் விட்டாலும் தோப்பு ஓடிவிடும். இன்று அடர் நடவு என்று 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 670 கன்றுக்கு மேல் வைக்கிறார்கள். அதில் வருஷா வருஷம் சரியான மாதத்தில் வெட்டாவிட்டால் நாலைந்து வருஷத்தில் தோப்பு இருட்டிப்போகும், காய் உச்சிக்கு ஏறிவிடும். அடர் நடவைப் பரிந்துரைக்கிறவர்கள் நம் பட்டதாரிகள். அந்த மரத்தை அதன் நாலாவது வருஷத்தில் நின்று வெட்டிப் பழகியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

அடுத்தது, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்ப்பது. பெரியகுளம் பக்கம் இமாம்பசந்த் ரக மா வைத்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "போன வருஷம் கிளை ஒடியிற மாதிரி காய்ச்சுச்சே, இந்த வருஷம் ஏன் ஒண்ணுமே இல்லை?" நம்மிடம் பதில் இருக்கிறது. காய் சுமந்த கிளையில் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. வளரும் விதையிலிருந்து வரும் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அடுத்த பூமொட்டு உருவாவதைத் தடுக்கிறது. அறுவடைக்குப் பின் அந்தக் கிளை தாமதமாகத் துளிர்க்கிறது, துளிர் முற்ற நேரம் போதவில்லை. நீலம் ரகமோ ஏறக்குறைய வருஷம் தவறாமல் காய்க்கிறது. அந்தக் குணத்துக்காகவே டெல்லியில் அதைத் தசேரி ரகத்தோடு கலந்து மல்லிகா, ஆம்ரபாலி ரகங்களை உருவாக்கினார்கள். இதையெல்லாம் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம். ஆனால் இந்தக் குணத்தைக் கண்ணால் காண குறைந்தது இரண்டு காய்ப்புப் பருவம் ஒரே மரத்தடியில் நிற்க வேண்டும். எட்டு செமஸ்டர் படித்தவருக்கு நான்கு பருவம் கிடைத்திருக்கும். நாம் அதைக் கொடுப்பதில்லை.

விவசாயி அப்படி இல்லை. அவர் அந்த மரத்தை அப்பா காலத்திலிருந்து பார்க்கிறார். அவர் கேட்பது எல்லாமே காலத்தைப் பற்றிய கேள்வி. இரண்டு வருஷமாகப் பிஞ்சு உதிர்கிறது, முன்னெல்லாம் தைக்கு முன்பே பூக்கும், பூக்கவைக்க கல்டார் மருந்து ஊற்றிய மரம் மூன்றாம் வருஷம் சோர்ந்து நிற்கிறது. கல்டாரில் இருக்கும் பேக்லோபூட்ரசால் ஜிப்ரெலின் உற்பத்தியைக் குறைத்துப் பூக்க வைக்கும் என்பது வகுப்பில் சொல்லித்தந்தது. அது மண்ணில் நெடுநாள் தங்கும், அளவு மீறி வருஷா வருஷம் ஊற்றினால் துளிர் குட்டையாகிப் பூங்கொத்து நெருங்கிப் பந்தாகிவிடும் என்பதைத் தோப்பில் போய்ப் பார்த்தால்தான் மனசில் உறைக்கிறது. தாவர உடலியலும் தோட்டமும் இரண்டு தனிப் பாடமாக நடக்கும் வரை, ஹார்மோன் கரும்பலகையிலேயே நின்றுவிடுகிறது.

ஒட்டுக்கட்டுவதைப் பற்றி, அதாவது கொட்டையிலிருந்து வளர்ந்த வேர்ச்செடியில் நல்ல ரகத்தின் குச்சியைப் பொருத்துவதைப் பற்றி, சொல்லியே ஆக வேண்டும், என் பிழைப்பே அதில் இருப்பதால். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் போய்ப் பாருங்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் பெண்களும் அங்கே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஒட்டுக் கட்டுகிறார்கள். கத்தி ஒரே இழுப்பில் இறங்கும். ஒட்டுக்குச்சியின் இலைக்காம்பு தொட்டால் உதிர்கிறதா என்று பார்ப்பார்கள், மொட்டு உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், பாலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றுவார்கள். பத்து நாளுக்கு முன்பே தாய்மரத்தில் அந்தக் குச்சியின் இலையைக் கிள்ளி வைத்திருப்பார்கள். நம் செய்முறைத் தேர்வில் மாணவர் ஒட்டுக் கட்டிய உடனே மதிப்பெண் விழுந்துவிடுகிறது. ஒட்டு பிடித்ததா என்று தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். பிடித்த ஒட்டு நிலத்தில் போய் நின்றதா என்று தெரிய ஒரு கோடை கடக்க வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு இரண்டும் சேர்ந்ததா இல்லையா என்று காலம்தான் சொல்லும். அந்தக் காலம் வரும் முன்பே நாம் மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறோம்.

மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்களில் பலர் நகரத்திலிருந்து வருகிறார்கள். நீட் எழுதிவிட்டு, இடம் கிடைக்காமல், உயிரியல் படித்த காரணத்தால் இங்கே வந்தவர்களும் உண்டு. மூன்றாம் ஆண்டிலேயே வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, மேற்படிப்பு நுழைவுத் தேர்வு என்று விடுதி அறைகளில் விளக்கு அணைவதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானது. அப்படி வந்த ஒரு பெண் தன் கன்று பட்டுப்போகாமல் முதல் கோடையைத் தாண்டியதைப் பார்த்துவிட்டால், இந்தப் படிப்பின் மேல் பிடிப்பு வந்துவிடும் என்று நான் நம்புகிறேன். படிக்கும்போதே ஏதாவது ஒரு பயிரோடு ஒட்டிக்கொண்டவர்கள்தான் இன்றும் இந்தத் துறையில் மனசோடு நிற்கிறார்கள். என் வகுப்பில் நான் கண்டது இது.

நம் கல்லூரிகளுக்கு இது அந்நியமான குணமும் அல்ல. பெரியகுளத்தில் 1989-இல் வெளியிட்ட பிகேஎம் 1 முருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் முருங்கை என்றால் போத்து வெட்டி நட்டு வளர்க்கும் மரம். தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் பகுதி முருங்கையிலிருந்து தேர்ந்து, தன்மகரந்தச் சேர்க்கை செய்து, தலைமுறை தலைமுறையாக வடிகட்டி, விதை போட்டால் ஆறாம் மாதமே காய்க்கும் செடிமுருங்கை ஆக்கினார்கள். இன்று அந்த விதை ஆப்பிரிக்கா வரை போகிறது. கோயம்புத்தூரில் பப்பாளி கோ 1-இல் தொடங்கி வரிசையாக ரகங்கள் வந்ததும் அதே பொறுமையில்தான். நீலகிரி அடிவாரத்திலும் சரிவிலும் கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளில் நிற்கும் மங்குஸ்தான் மரங்களை நட்டவர்கள், முதல் பழத்துக்கு ஏழு, எட்டு, பத்து வருஷம் காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட துறையில் பட்டம் வாங்குகிறவர், ஒரு மரத்தோடு நான்கு வருஷமாவது இருக்க வேண்டாமா?

வாழையிலும் இதையே சொல்வேன். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மலைவாழையை, விருப்பாச்சி ரகத்தை, முடிக்கொத்து நோய் அழித்த கதை எல்லோருக்கும் தெரியும். அசுவினி பரப்பும் வைரஸ் அது. இலைகள் குறுகி முடியில் கொத்தாக நிற்கும் படத்தை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த நிலை வந்த பிறகு வயலில் செய்ய ஒன்றும் இல்லை, கட்டையோடு தோண்டி அழிப்பதைத் தவிர. முன்னதாகவே இலைக்காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடும். அதைக் கண்டுபிடிக்கும் கண் ஒரே வாழைக் குத்தை வாரா வாரம் பார்த்தவருக்குத்தான் வாய்க்கும். நோயைச் செடியின் வழக்கமான முகத்தோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண முடியும். அந்த வழக்கமான முகத்தை நாம் காட்டுவதே இல்லை, நோயுற்ற மாதிரியை மட்டும் ஃபார்மலினில் போட்டுக் காட்டுகிறோம்.

சரி, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இடம் இல்லை என்பீர்கள். ஒரு வகுப்புக்கு 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வகுப்புக்கும் சேர்த்து 240 கன்று. மேலே சொன்ன அடர் நடவில் வைத்தால் அரை ஏக்கர் கூட ஆகாது. பாதையும் சொட்டுநீர்க் குழாயும் விட்டு ஒரு ஏக்கர் தாராளம். காய்ப்பு மரம் கல்லூரித் தோப்பில் ஏற்கனவே நிற்கிறது. ஒரு வகுப்பு நட்ட கன்று, அவர்கள் போகும்போது காய்ப்புக்கு வந்திருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் அதுவே காய்ப்பு மரமாகப் போய்ச் சேரும். முதல் மூன்று வருஷம் மாங்கன்றில் பூவைக் கிள்ளிவிட வேண்டும் என்பதால், நட்டவர் கடைசி ஆண்டில்தான் அதில் பழம் பார்ப்பார். அது போதும்.

எல்லா இடத்திலும் மாதான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் மண் களர். அங்கே நெல்லியும் கொய்யாவும் வைத்தால், உவர், களர் மண் பாடத்தையும் சேர்த்தே படித்ததாகும். கொய்யா இரண்டாம், மூன்றாம் வருஷமே காய்க்கும் என்பதால் மாணவருக்கும் உற்சாகம். தேனிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் ஒன்று போட்டால், கவாத்து செய்த 120 நாளுக்குள் அறுவடை என்று ஒரே செமஸ்டரில் முழுச் சுற்றையும் பார்க்கலாம். அதுவும் நல்ல துணைப்பாடம். ஆனால் முதல் இடம் மரத்துக்குத்தான்.

விடுமுறையில் தண்ணீர் யார் விடுவது? மூத்த மாணவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் ஜோடி சேர்த்துவிடுங்கள். நான்காம் ஆண்டில் கிராமத் தங்கல் பயிற்சிக்குப் போகிறவரின் மரத்தை அவருடைய ஜோடி பார்த்துக்கொள்வார். ஏப்ரல், மே பண்ணைத் தொழிலாளர்கள் கையில். அவர்களுக்கு இது கூடுதல் வேலை என்றால் அதற்குக் கூலி ஒதுக்குங்கள். அப்புறம், அந்தத் தொழிலாளர்களை மாணவர்களுக்கு ஆசிரியர்களாகவும் மதியுங்கள். ஒட்டுக் கட்டுவதில் அவர்கள் கைக்கு நிகர் நம்மில் யாருக்கும் இல்லை.

கிரெடிட் கணக்கை ஐசிஏஆர், அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வகுக்கிறது, நாங்கள் கூட்ட முடியாது என்பீர்கள். கூட்டவே வேண்டாம். இனப்பெருக்கம், தோப்புப் பராமரிப்பு, பழப்பயிர், பூச்சியியல், நோயியல், மண்ணியல் என்று ஏற்கனவே செய்முறை மணிகள் இருக்கின்றன. அந்த வகுப்புகளை மாணவரின் மரத்தடியில் நடத்துங்கள். பூச்சியியல் வகுப்பில் தத்துப்பூச்சியைத் தன் மரத்துப் பூங்கொத்தில் எண்ணட்டும். நோயியல் வகுப்பில் சாம்பல் நோயைத் தன் மரத்திலேயே தேடட்டும். மண்ணியல் வகுப்பில் தன் குழி மண்ணையே சோதிக்கட்டும். செலவும் நேரமும் அதேதான். நாலைந்து துறைகள் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். கஷ்டம் அதில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மதிப்பெண்ணை விளைச்சலுக்குப் போடாதீர்கள். போட்டால் மாணவர்கள் யூரியா கொட்டுவார்கள். நோட்டுக்குப் போடுங்கள். எந்தத் தேதி துளிர்த்தது, எந்தத் திசைக் கிளை முதலில் பூத்தது, எத்தனை பிஞ்சு நின்றது, எப்போது மழை பெய்தது, என்ன தெளித்தோம், எத்தனை கிலோ வந்தது என்று நான்கு வருஷமும் எழுதிய நோட்டு. கடைசி வாய்மொழித் தேர்வு அந்த மரத்தடியில் நடக்கட்டும். கன்று பட்டுப்போனால் ஏன் பட்டது என்று தோண்டிப் பார்த்து எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். வேர் சுருண்டிருந்ததா, கரையான் ஏறியதா, ஒட்டுக்குக் கீழே இருந்து வந்த கொட்டைச்செடித் துளிரைக் கிள்ளாமல் விட்டதில் ஒட்டு அமுங்கியதா? தோப்பில் நாங்கள் தினமும் விடை தேடும் கேள்விகள் இவை.

மரத்தோடு நோட்டும் கைமாற வேண்டும். போகிறவர் வருகிறவரிடம் இரண்டையும் ஒப்படைக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரே மரத்தைப் பற்றி மூன்று பேர் எழுதிய பதிவு கல்லூரியிடம் இருக்கும். அப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். மார்கழியில் வழக்கமில்லாத மழை பெய்து பூவுக்குப் பதில் துளிர் வரும் வருஷங்களைப் பற்றி இன்று விவசாயிகள் சொல்வதை நாம் காதால் கேட்கிறோம். அப்போது அது தேதியோடு நம் கையில் இருக்கும். முதுகலை மாணவருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் அது பெரிய சொத்து.

மகசூலை ஏலத்துக்கு விடும் கல்லூரிகளில், மாணவர் மரங்களை மட்டும் ஏலத்திலிருந்து விலக்குங்கள். பழத்தைப் பறித்து, தரம் பிரித்து, கல்லூரி வாசலில் அவர்களே விற்கட்டும். காம்போடு பறிக்காவிட்டால் பால் வடிந்து தோல் கருகும், விலை பாதியாகும் என்பதை அந்த ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள்.

எல்லாக் கல்லூரியும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு கல்லூரி, ஒரே ஒரு வகுப்பு தொடங்கினால் போதும். வேர்ச்செடிக்கு ஒட்டுக்குச்சி கொடுக்கவும், முதல் வருஷம் வந்து மாணவர்களோடு உட்கார்ந்து ஒட்டுக் கட்டவும் நானும் என்னோடு தொழில் செய்கிறவர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், பேருந்துச் செலவு எங்களுடையது.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். மாங்கொட்டை முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும், காயவைத்து எடுத்து வைக்க முடியாது. ஜூன், ஜூலையில் பழச்சாறு ஆலைகளில் கொட்டை மலையாகக் குவியும்போதே வாங்கி நாற்றங்காலில் விதைத்துவிட வேண்டும். பாடத்திட்டக் குழு கூடி முடிவெடுக்க எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும், இந்தப் பருவத்துக் கொட்டையை விட்டுவிடாதீர்கள். முடிவு வரும்போது வேர்ச்செடி பென்சில் பருமனுக்கு வளர்ந்து தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்திலிருந்து ஒரு தோட்டக்கலைப் பட்டதாரி